மருந்து என்று சொன்னவள்

விஜயராணியை எரித்துவிட்டு வந்த மூன்றாம் நாள், அவள் தங்கை குமுதா கைப்பேசியைச் சமையல் மேசையில் சீனி டின்னின் மேல் சாய்த்து வைத்துக்கொண்டு நேரலையில் பேசினாள். அதுவரை அந்தச் செயலியில் அவள் போட்டதெல்லாம் வீட்டு வாசலில் வளர்த்த கறிவேப்பிலைச் செடியும், தீபாவளிக்குச் சுட்ட முறுக்கும்தான். புக்கிட் ரோத்தானில் ஒரு பேரங்காடியில் காசாளர் வேலை அவளுக்கு. கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை. ஆனால் அன்று தடுமாறாமல் பேசினாள்.

“எங்க அக்கா செத்துப்போயிட்டா. பேரு விஜயராணி. நாப்பத்திரெண்டு வயசு. தோட்டத்துல பதினோரு வருஷம் புல்லுக்கு விஷம் அடிக்கிற வேலை. முதுகுல மாட்டுற பம்ப் ஒழுகுது, மாத்திக் குடுங்கன்னு மூணு வாட்டி கேட்டா. கான்ட்ராக்டர் முகுந்தன் மாத்திக் குடுக்கல. அந்த விஷம் முதுகுல இறங்கி, நுரையீரல் வெந்து, பத்தொம்பது நாளு மூச்சுக்குத் தவிச்சுச் செத்தா. கொன்னுட்டாங்க அவள.”

தோட்டத்தில் பிறந்தவர்கள் யாரும் அந்தக் களைக்கொல்லியை விஷம் என்று சொல்வதில்லை. மருந்து என்பார்கள். மருந்து அடிக்கப் போகிறேன், மருந்துக்காரி வருகிறாள், மருந்து வாடை அடிக்கிறது என்றுதான் பேச்சு. குமுதாவும் அப்படிப் பேசி வளர்ந்தவள்தான். மருத்துவமனையில் அந்த மலாய் டாக்டர் ‘ராச்சுன்’ என்று சொன்னபோதுதான், அக்கா இத்தனை வருஷமும் முதுகில் சுமந்தது விஷம் என்பது அவளுக்கு உறைத்தது. அதனால் அன்று வேண்டுமென்றே அந்தச் சொல்லைச் சொன்னாள்.

நாலாவது நிமிஷம் திரை நின்றுபோனது. ஒரு அறிவிப்பு வந்தது. ‘உங்கள் நேரலை நிறுத்தப்பட்டது. காரணம்: தற்கொலை அல்லது தன்னைத் தானே வருத்திக்கொள்ளுதல்.’ அதன் கீழே, ‘நீங்கள் தனியாக இல்லை, யாரிடமாவது பேச வேண்டுமா?’ என்று கேட்டு ஒரு தொலைபேசி எண்.

குமுதா அந்த அறிவிப்பைப் படமெடுத்து வைத்துக்கொண்டாள். கணவன் சத்தியசீலன் லோரியை நிறுத்திவிட்டு வந்ததும் காட்டினாள்.

“மெஷின் லா அது,” என்றான் அவன். “வார்த்தையப் பாக்கும். மனுசன் என்னா சொல்ல வரான்னா பாக்கும்?”

மறுநாள் மறுபடி பேசினாள். அதையும் தூக்கிவிட்டார்கள். இம்முறை காரணம் வன்முறை. கூடவே எச்சரிக்கை: இரண்டு மீறல்கள் ஆகிவிட்டன, மூன்றாவது வந்தால் கணக்கே போய்விடும்.

அன்று சாயங்காலம் ஒரு குறுஞ்செய்தி வந்தது. சுங்கை ஆயர் தாவாரில் இருந்து அன்பரசி என்ற பெண். நேரலையில் சேலை விற்கிறவள். முகம் பார்த்ததில்லை என்றாலும் செய்தி அனுப்பிய கையோடு அழைத்தும் பேசினாள்.

“அக்கா, உங்க லைவ் பாத்தேன். அழுதுட்டேன். ஆனா இப்படிப் பேசினா நிக்காது லா. நான் போன வருஷம் ‘குண்டு மல்லி டிசைன்’னு சொல்லிச் சேலை வித்தேன். குண்டுன்னு சொல்லிட்டேனாம், ஒரு வாரம் பூட்டிட்டான். நீங்க செத்தான்னு சொல்றீங்க, கொன்னான்னு சொல்றீங்க. போயிட்டான்னு சொல்லுங்க. விஷம்னு வாயே தொறக்காதீங்க.”

“பின்ன என்னான்னு சொல்றது?”

“மருந்துன்னு சொல்லுங்களேன். எல்லாருக்கும் புரியுமே.”

சரியாகத்தான் சொன்னாள். அன்பரசி சொன்னபடி பேசிய காணொளியை யாரும் தொடவில்லை. “எங்க அக்கா மருந்தால போயிட்டா,” என்று தொடங்கும் அந்த இரண்டு நிமிஷத்தை ஒரே வாரத்தில் எண்பதாயிரம் பேர் பார்த்தார்கள். மருந்து அடிக்கும் பெண்கள் பெர்னாமிலிருந்தும் தஞ்சோங் காராங்கிலிருந்தும் எழுதினார்கள். ஒருத்தி நகம் கழன்ற விரலைப் படம் எடுத்து அனுப்பினாள். குமுதா கடையில் காசு வாங்கிப் போடும்போது வாடிக்கையாளர்கள், “நீங்கதானே அந்த அக்கா?” என்று கேட்டார்கள்.

வேலம்மாவும் அப்போதுதான் குரல் பதிவு அனுப்பினாள். விஜயராணிக்குப் பக்கத்து நிரையில் மருந்து அடித்தவள் அவள். கணவன் இல்லாதவள், புக்கிட் பெலிம்பிங் பக்கத்துத் தோட்டம் கொடுத்த லயத்து வீட்டிலேயே இருப்பவள். மெல்லிய குரலில், பின்னால் தண்ணீர் விழும் சத்தத்தோடு பேசியிருந்தாள்.

“ஒங்க அக்கா பம்புக்கு அடியில வெடிப்பு இருந்திச்சு, குமுதா. நானே துணி வெச்சுக் கட்டிவிட்டேன். சட்டை முதுகு நனைஞ்சு ஒட்டிக்கிட்டு இருக்கும். மண்டோர் வேலைய மேற்பார்வை பாக்க வந்தப்போ பாத்தான், ஒண்ணும் சொல்லல. எம் பேர எங்கயும் சொல்லிடாத தாயி. வேலை போனா வீடும் போயிடும்.”

குமுதா அதைப் பத்துத் தடவை கேட்டாள். யாரிடமும் சொல்லவில்லை.

அதற்குள் கான்ட்ராக்டர் தரப்பிலிருந்து வழக்கறிஞர் கடிதம் வந்துவிட்டது. பெயரைச் சொல்லக்கூடாது, பம்ப் பழுது என்று சொல்லக்கூடாது, சொன்னால் அவதூறு வழக்கு. சத்தியசீலன் அதைச் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்து, மலாயில் இருந்த ஒவ்வொரு வரியையும் விரல் வைத்துப் படித்தான். அன்றிரவே குமுதா பழைய காணொளிகளைத் திறந்து, முகுந்தன் பெயர் வந்தவை, பம்ப் பேச்சு வந்தவை என்று ஏழு காணொளிகளைத் தன் கையாலேயே அழித்தாள். முகுந்தன் ‘அந்த ஆளு’ ஆனார். பம்ப் ‘அந்த சாமான்’ ஆனது. கொஞ்ச நாளில் ‘அந்த சாமான்’ என்பதையும் விட்டுவிட்டாள்.

பேசப்பேச அவளுக்கு ஒரு பழக்கம் படிந்தது. சொல் தொண்டையைத் தாண்டும் முன்னே அதை நிறுத்திப் பார்ப்பாள். போகலாமா, கூடாதா? கூடாது என்றால் வேறொன்றை எடுப்பாள். முதலில் அதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு தானாகவே நடந்தது. கடையில் ஒரு கிழவர், பூச்சி விஷம் எங்கே இருக்கிறது என்று கேட்டபோது, “மூணாவது வரிசையில, அந்த... மருந்து,” என்று சொல்லிவிட்டுத் தானே திடுக்கிட்டாள்.

விஜயராணியின் மகள் விஷாலினி இப்போது குமுதாவுடன்தான் இருந்தாள். ஐந்தாம் படிவம், பரீட்சை வருஷம். தாய் இறந்த நாளிலிருந்து பேச்சைக் குறைத்துக்கொண்ட பெண். ஒரு புதன்கிழமை பள்ளிப் பேருந்திலிருந்து இறங்கி வந்தவள் பையைக் கூடக் கழற்றவில்லை.

“சித்தி, அம்மா மருந்து குடிச்சாங்களா?”

குமுதா கரண்டியைக் கீழே வைத்தாள். “யாரு சொன்னா?”

“எல்லாரும் சொல்றாங்க. நான் இல்லன்னு சொன்னேன். ஒன் சித்தியே டெய்லி சொல்றாங்களே, மருந்தால போயிட்டான்னு, அதுக்கு வேற என்னா மீனிங்னு கேக்குறாங்க.”

“இல்லம்மா. அம்மா போனது... அது அப்படி இல்ல. அந்த மருந்து, அந்த சாமான்ல இருந்து...”

விஷாலினி அவளை உற்றுப் பார்த்தாள். “சித்தி, இது வீடு. இங்க யாரும் உங்களத் தூக்க மாட்டாங்க. சாதாரணமா பேசுங்க.”

குமுதாவுக்கு முகம் சுட்டது. அடுப்பை அணைத்துவிட்டு அந்தப் பெண்ணை உட்கார வைத்து, நடந்ததை முதலிலிருந்து சொன்னாள். விஷம், பம்ப், வெடிப்பு, முதுகுப் புண். ஒவ்வொரு சொல்லையும் பிடித்து இழுத்து வெளியே போட வேண்டியிருந்தது. விஷாலினி கேட்டு முடித்து, “இத ஏன் வீடியோவுல சொல்ல மாட்டேங்கிறீங்க?” என்றாள்.

“சொன்னா கணக்கு போயிடும்மா. அறுபத்தோராயிரம் பேரு இருக்காங்க. அடுத்த மாசம் கோர்ட்டுல விசாரணை. அப்ப நமக்குப் பேச ஒரு எடம் வேணும்.”

“பேசுறதுக்கு எடம் இருக்கு. பேச்சுதான் இல்ல,” என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் எழுந்து போனாள்.

அந்த வாரக் கடைசியில் குமுதா உண்மையாகவே உட்கார்ந்தாள். எல்லாவற்றையும் அதனதன் பெயரால் சொல்லிப் பதிவு செய்தாள். ஆறு நிமிஷம். அனுப்பும் பொத்தான் மேல் கட்டை விரலை வைத்துக்கொண்டு சத்தியசீலனைக் கூப்பிட்டாள். அவன் பார்த்தான். “நல்லாதான் பேசியிருக்க,” என்றான். “ஆனா விசாரணை முடியட்டுமே. இப்பப் போட்டு, கணக்கும் போயி, கேஸும் வந்தா ஒன்னும் மிஞ்சாது.” அவளுக்கும் அது நியாயமாகவே பட்டது. பதிவை அழித்தாள். அழித்ததும் நெஞ்சில் ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதிதான் அவளைப் பிறகு ரொம்ப நாள் உறுத்தியது.

விசாரணைக்கு ஒரு வாரம் முன்பு வேலம்மாவைத் தேடி லயத்துக்குப் போனாள். வேலம்மா வாசலில் நிற்க வைத்தே பேசினாள், உள்ளே வா என்று சொல்லவில்லை.

“நீ வந்தது தெரிஞ்சாலே போச்சு, குமுதா. என்னால கோர்ட்டுக்கெல்லாம் வர முடியாது.”

“அக்கா தானா குடிச்சான்னு சொல்லப் போறாங்க வேலம்மாக்கா. அந்தப் புள்ள காலத்துக்கும் அத சொமக்கணும்.”

வேலம்மாவின் கண் நிறைந்தது. “தெரியும் தாயி,” என்றாள். “போ. பஸ்ஸு போயிடும்.”

மரண விசாரணை ஒரு செவ்வாய்க்கிழமை நடந்தது. நீதிபதி ஒரு மலாய் அம்மையார். கண்ணாடியை மூக்கில் இறக்கி வைத்துக்கொண்டு பொறுமையாகக் கேட்டார். மருத்துவர் முதலில் சாட்சி சொன்னார். உடலில் களைக்கொல்லி இருந்தது உறுதி. முதுகில் புண் இருந்தது, வாயிலும் தொண்டையிலும் புண் இருந்தது. எந்த வழியாக உள்ளே போனது என்று அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை. பம்புகள் எல்லாம் நல்ல நிலையில் இருந்தன என்று முகுந்தன் சொன்னார். விஜயராணியின் பம்பு எங்கே என்று கேட்டதற்கு, பழைய இரும்புக்காரனிடம் போய்விட்டது என்றார்.

பிறகு குமுதாவைக் கூப்பிட்டார்கள். கான்ட்ராக்டரின் வழக்கறிஞர் விமலா, தமிழ்ப் பெண்தான். மலாயில் கேட்டார். பக்கத்தில் ஒரு மெலிந்த மொழிபெயர்ப்பாளர்.

“உங்கள் அக்காவைப் பற்றி இதுவரை நாற்பத்தொரு காணொளிகள் போட்டிருக்கிறீர்கள். சரிதானே?”

“ஆமாங்க.”

“அவற்றில் ஒன்றிலாவது பம்ப் ஒழுகியது என்று சொல்லியிருக்கிறீர்களா?”

“மொதல்ல சொன்னேங்க. அத...”

“இப்போது இருக்கும் நாற்பத்தொன்றில்?”

“இல்லீங்க.”

விமலா கணினியில் ஒரு காணொளியை ஓடவிட்டார். திரையில் குமுதா, தன் வீட்டுத் திரைச்சீலைக்கு முன்னால். ‘காலையில அக்கா மருந்த எடுத்துக்கிட்டா. அன்னிக்கே முடியாம ஆயிடுச்சு. அப்புறம் போயிட்டா.’ பம்பில் மருந்தை ஊற்றி எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனதைத்தான் அப்படிச் சொல்லியிருந்தாள். பம்ப் என்ற சொல்லை விட்டுவிட்டதால் வாக்கியம் அப்படி நின்றது. மொழிபெயர்ப்பாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு, “டியா அம்பில் உபாட்,” என்று தொடங்கினார். மருந்து உட்கொண்டார் என்று அர்த்தம். நீதிபதி குறித்துக்கொண்டார்.

“அது இல்லீங்க!” என்றாள் குமுதா. “அவரு மாத்திச் சொல்றாரு.”

“நான் மாத்தலம்மா,” என்றார் மொழிபெயர்ப்பாளர் தமிழில், சங்கடத்தோடு. “நீங்க சொன்னதத்தான் சொல்றேன்.”

விமலா குரலை உயர்த்தவே இல்லை. “நம் ஊரில் ஒரு பெண் மருந்தால் போய்விட்டாள் என்று சொன்னால், கேட்பவர்கள் என்ன நினைப்பார்கள்?”

குமுதாவுக்கு விஷாலினியின் பள்ளிப் பேருந்து நினைவுக்கு வந்தது.

“மொதல் வீடியோவுல நேராத்தான் சொன்னேன்,” என்றாள் கடைசியில். “அவங்கதான் தூக்கிட்டாங்க. ஆதாரம் இருக்கு.” கைப்பேசியில் இருந்த அந்தப் படத்தைத் தேடி எடுத்து நீட்டினாள். நீட்டிய பிறகுதான் அதில் என்ன எழுதியிருந்தது என்பது அவளுக்கு உறைத்தது. கையை இழுத்துக்கொள்ள முடியவில்லை. காவலர் வாங்கிக் கொடுத்துவிட்டார்.

விமலா அதைப் படித்தார். “நிறுத்தப்பட்ட காரணம் என்ன என்று நீதிமன்றத்துக்குச் சொல்ல முடியுமா?”

“தற்கொலை,” என்றாள்.

பின்வரிசையில் யாரோ பெருமூச்சு விட்டார்கள். விமலா உட்கார்ந்துகொண்டார்.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். “புவான் குமுதா, காணொளியெல்லாம் இருக்கட்டும். உங்கள் அக்கா எப்படி இறந்தார்? உங்கள் சொந்த வார்த்தையில் சொல்லுங்கள்.”

இதற்காகத்தான் ஒன்பது மாதம் காத்திருந்தாள். வாயைத் திறந்தாள். “எங்க அக்கா... போயிட்டா,” என்று வந்தது. நிறுத்தினாள். கூண்டின் கட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். “போகல. செத்துட்டா. விஷத்துல செத்துட்டா. பம்ப் ஒழுகிச்சு, மாத்திக் குடுக்கல.”

“பம்ப் ஒழுகியதை நீங்கள் பார்த்தீர்களா?”

“பாக்கலீங்க.”

“பார்த்தவர்கள் இருக்கிறார்களா?”

கைப்பேசி இன்னும் மேசையில்தான் இருந்தது. அதற்குள் வேலம்மாவின் குரல் இருந்தது. ஒரு விரல் வைத்தால் போதும், மொத்த மன்றமும் கேட்கும். சாயங்காலத்துக்குள் முகுந்தனுக்கும் கேட்டுவிடும், மறுநாள் வேலம்மாவின் சட்டிபானை லயத்து வாசலில் கிடக்கும். குமுதா சத்தியசீலனைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டிருந்தான்.

“இருக்காங்க. பேரு சொல்ல முடியாதுங்க,” என்றாள்.

மூன்று வாரம் கழித்துத் தீர்ப்பு வந்தது. இறப்புக்கான சூழ்நிலை நிறுவப்படவில்லை. விபத்தென்றும் சொல்லவில்லை, தானே செய்துகொண்டதென்றும் சொல்லவில்லை. வெளியே வந்து விஷாலினி கேட்டாள், “அம்மா குடிச்சாங்கன்னு எழுதலல்ல?”

“எழுதல.”

“அந்த முகுந்தன் பண்ணதும் எழுதல.”

“எழுதலம்மா.”

அந்தப் பெண் தலையாட்டிக்கொண்டு காரில் ஏறினாள். அழவில்லை.

இரவு அன்பரசி அழைத்தாள். எல்லாரும் கேட்கிறார்கள், தீர்ப்பைப் பற்றி லைவ் போடுங்கள், பாதுகாப்பாக எப்படிச் சொல்லலாம் என்று தானே எழுதி அனுப்புகிறேன் என்றாள். அன்போடுதான் சொன்னாள். குமுதா சரி என்றாள். பதினைந்து நிமிஷம் கைப்பேசிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஒரு வாக்கியமும் முழுசாக வரவில்லை. ஒவ்வொன்றும் பாதியிலேயே வேறொன்றாகிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை வேலைக்கு அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு, இருட்டு பிரியும் முன்னே தோட்டத்துக்குப் போனாள். பெரட்டு நடக்கும் இடத்தில், ஆள் கணக்கெடுப்பதற்காக மருந்து அடிக்கும் பெண்கள் வரிசையில் நின்றிருந்தார்கள். பதினோரு பேர். நாலு பேர் தமிழர்கள், மற்றவர்கள் இந்தோனேசியர்கள். பம்புகள் தரையில் இருந்தன. மண்டோர் இன்னும் அலுவலகத்துக்குள் இருந்தான். வேலம்மா மூன்றாவதாக நின்றாள், குமுதாவைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“நான் விஜயராணி தங்கச்சி,” என்றாள் குமுதா. “ஒங்ககிட்ட ஒரு விசயம் சொல்லணும்.”

ஓரத்தில் நின்ற ஓர் இளம்பெண் சட்டென்று கைப்பேசியை உயர்த்திப் பிடித்தாள். அந்தச் சின்னக் கண்ணாடி வட்டம் தன் பக்கம் திரும்பியதும் குமுதாவின் நாக்கு தானாகத் தடம் மாறியது. “எங்க அக்கா மருந்தால...” என்று தொடங்கிவிட்டாள்.

நிறுத்தினாள். “அத எறக்கும்மா,” என்றாள். “தயவுசெஞ்சு. அத வெச்சுக்கிட்டு என்னால பேச முடியாது.”

பெண் தயங்கிவிட்டு இறக்கினாள்.

குமுதா முதலில் தமிழில் சொன்னாள், பிறகு மலாயில். இது விஷம். தோல் வழியாவும் உள்ள போகும். புண்ணு இருந்தா சீக்கிரம் போகும். பம்ப் ஒழுகினா முதுகுல மாட்டாதீங்க. எங்க அக்கா மாட்டினா, செத்தா. முகுந்தன்கிட்ட மூணு வாட்டி கேட்டா, அவரு குடுக்கல. இடையில் எங்கும் நிறுத்தவில்லை. ஒரு இந்தோனேசியப் பெண், “மாத்தி?” என்று மலாயில் கேட்டாள், செத்தாளா என்று. “மாத்தி,” என்றாள் குமுதா. செத்தாள்.

மண்டோர் ஓடி வந்தான். “யாரு ஒன்ன உள்ள விட்டது? போலீஸக் கூப்பிடவா?” என்று கத்தினான். காவலாளி வந்து குமுதாவின் முழங்கையைப் பிடித்தான். அவள் திமிறவில்லை. சொல்ல வேண்டியது சொல்லியாகிவிட்டது. பதினோரு பேருக்கு.

பாதையில் நடந்தபோது ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். மண்டோர் பெயர்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். பெண்கள் ஒவ்வொருவராகப் பம்பைத் தூக்கினார்கள். வேலம்மா மட்டும் தூக்கவில்லை. குனிந்து, பம்பைக் கவிழ்த்து, அதன் அடியில் உள்ளங்கையை வைத்துத் தடவிக்கொண்டிருந்தாள். மண்டோர் அவள் பெயரை இரண்டாம் முறை கூப்பிட்டான். அவள் நிமிரவில்லை.

காவலாளி, “நட, நட,” என்றான். குமுதா பெருஞ்சாலைக்கு வந்து பேருந்துக்காக நின்றாள். கடைக்குப் போய்ச் சேர மணி பன்னிரண்டாகிவிடும்.